பூசாத சுவர்

நூல் மேஸ்திரி தன் வீட்டைத் தானே கட்டினார். அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை எல்லாம் அவர் கை. விடுமுறை நாட்களிலும், பிறர் வீட்டு வேலை முடிந்து திரும்பிய பிறகு மிச்சமிருக்கும் மாலை வெளிச்சத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. அதில் ஒரு சுவர் மட்டும் பூசாமல் நின்றுவிட்டது. படுக்கையறையின் மேற்குச் சுவர். அந்தப் பக்கம் மகனுக்கு ஒரு அறை எடுக்க வேண்டும், வாசற்கால் வைக்க அந்தச் சுவரை உடைக்கத்தான் போகிறோம், உடைக்கிற சுவருக்கு எதற்குப் பூச்சு என்று விட்டுவிட்டார். அறை எடுக்கவே இல்லை. மகன் வளர்ந்து, அப்பாவிடமே கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு, இப்போது தனியாக ஆள் வைத்து வேலை எடுக்கிறான். படுப்பது கூடத்தில். சுவர் செங்கலாகவே நிற்கிறது.

செங்கல் சும்மா நிற்காது. காற்றடித்தால் பொடி உதிரும். மேஸ்திரியின் மனைவி தினமும் காலையில் படுக்கை விரிப்பை வாசலுக்குக் கொண்டுபோய் உதறுவாள். உதறும்போது தெருவில் யார் போனாலும் அவர்களுக்கு ஒரு செய்தி உண்டு.

"ஊர்ல இருக்குற சுவத்தையெல்லாம் இவரு தடவித் தடவிக் கொடுக்குறாரு. கட்டிக்கிட்டவ வீட்டுச் சுவரு மட்டும் சொறி புடிச்சு நிக்குது."

"இந்த மாசம் பூசிடலாம்டி" என்பார் மேஸ்திரி உள்ளிருந்தபடி.

"எந்த மாசம்னு சொல்லுங்க. நான் அதுவரைக்கும் உசுரோட இருக்க ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல்கண்டு இருக்கும் என்பதால்தான் அவருக்கு நூல் மேஸ்திரி என்று பெயர். பந்தலுக்குப் போனாலும் கால்கள் நேராக நட்டிருக்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அவரிடம் வேலை கற்றவர்கள் நாலாபக்கமும் இருக்கிறார்கள். 'நல்லாருக்கு' என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர்கள் யாரும் இல்லை. குற்றம் சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ட்ரோக் வந்தது மகன் எடுத்திருந்த ஒரு வேலையிடத்தில். காலை டீக்காகச் சாரத்திலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. டம்ளர் ஈரம் போலிருக்கிறது என்று நினைத்து இடது கையால் எடுத்தார். எதிரே சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு சித்தாள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். ஓயாமல் பேசுவதால் அவளை ரேடியோ என்பார்கள். அந்த ரேடியோ நின்றுபோனதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேஸ்திரி, உங்க வாய் ஏன் ஒரு பக்கமாப் போவுது?" என்றாள்.

மகன்தான் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினான். உயிர் தப்பியது. குழறிக்கொண்டிருந்த பேச்சு சில வாரங்களில் தெளிந்தது. வலது கால் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்துவிட்டது. வலது கை எழவில்லை. தோளில் ஒரு சிறு அசைவு, முழங்கையில் அதிலும் பாதி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"பக்கத்துல வேற யாரோ படுத்திருக்குற மாதிரியே இருக்குடி" என்றார் மனைவியிடம்.

"நான்தான் படுத்திருக்கேன்."

"நீ இந்தப் பக்கம். நான் சொல்றது அந்தப் பக்கம்."

அவள் எழுந்து சுற்றிவந்து அந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். தேய்த்துத் தேய்த்துக் கல்லாகியிருந்த உள்ளங்கை, வேலையில்லாமல் மெத்தென்று ஆகத் தொடங்கியிருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

பிசியோ பெண் ஸ்கூட்டரில் வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அந்தக் கையை மடக்கி, நீட்டி, விரல் விரலாகப் பிரித்து வேலை வாங்குவாள். மேஸ்திரி அவளை டாக்டரம்மா என்பார்.

"நான் டாக்டர் இல்லீங்க ஐயா. பிசியோ."

"எங்கிட்ட டாக்டர்னு எழுதி ஒட்டிக்கிட்டு வந்தவங்க மாத்திரைதான் குடுத்தாங்க. நீங்கதான் கையையே புடிச்சுப் பாக்குறீங்க."

ஒரு நாள் அவள் புதிதாக ஒன்று சொன்னாள். கையை அசைக்காமல், அசைப்பது போல மனதுக்குள் செய்து பார்க்க வேண்டுமாம்.

"கைக்கு உத்தரவு போற வழி மூளையில அடிபட்டிருக்குங்க ஐயா. மனசுல செய்யும்போதும் அங்க சுத்தியிருக்குற இடங்கதான் வேலை செய்யுது. அதனால மனசுல செஞ்சு பாத்துட்டு, உடனே நெசமாவும் முயற்சி பண்ணணும். ரெண்டும் சேரணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் வர்றதில்ல. வாக்குறுதி எல்லாம் குடுக்க மாட்டேன்."

"சரி. என்ன செய்யணும்?"

"கண்ண மூடுங்க. முன்னால தண்ணி டம்ளர் இருக்கு. வலது கையால எடுத்துக் குடிக்கிறீங்க."

மேஸ்திரி கண்ணை மூடினார். மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். மின்விசிறி சுற்றியது.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டான்."

"யாரு?"

"அந்த ஆளுதான். எதிர்ல உக்காந்திருக்கான். என்னோட சட்டையப் போட்டிருக்கான்."

பிசியோ பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. "வெளியிலேர்ந்து பாக்குறீங்க. அப்படி இல்ல. அவனுக்குள்ள போயி உக்காரணும். டம்ளரோட குளிர்ச்சி உங்க விரல்ல தெரியணும்."

"எனக்குத் தாகமே இல்லையேம்மா. டீ இப்பதான் குடிச்சேன்."

"பொய்யாக்கூடக் குடிக்க மாட்டாரு" என்றாள் மனைவி. "கல்யாணத்தன்னிக்கு போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னப்பவே சிரிக்காத ஆளு."

பிசியோ பெண் யோசித்தாள். நிமிர்ந்து எதிரே பார்த்தாள். "ஐயா, நீங்க இவ்ளோ பெரிய மேஸ்திரி. உங்க வீட்டுச் சுவரு ஏன் இப்படி இருக்கு?"

"அப்படிக் கேளும்மா!" என்று உள்ளே வந்தாள் மனைவி. "வெளியாளு ஒருத்தர் வந்து இந்தக் கேள்வியக் கேக்க மாட்டாங்களான்னு எத்தனை காலமா காத்துக்கிட்டிருந்தேன்!"

"அப்ப இந்தச் சுவத்தையே பூசுங்க ஐயா. மனசுல."

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். செங்கல் வரிகளின் மேல் கண் போய் வந்தது. பிறகு கண்ணை மூடினார். இந்த முறை நேரமானது. முதலில் சுவருக்குத் தண்ணீர் அடித்தார். காய்ந்த செங்கல் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கேட்டது, அந்த மண்வாசனை மூக்குக்கு வந்தது. சட்டியில் கொத்துக்கரண்டியை இறக்கினார். கலவை ஏறியதும் மணிக்கட்டில் ஒரு கனம் விழுமே, அது விழுந்தது.

சட்டென்று கண்ணைத் திறந்து பிசியோ பெண்ணைப் பார்த்தார். "கனக்குதும்மா" என்றார்.

அன்றிலிருந்து காலையில் ஒரு முறை, பகலில் ஒரு முறை, வெயில் இறங்கியதும் ஒரு முறை. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். கண்ணை மூடுவார். வீடு வேலையிடம் ஆகிவிடும். மனைவி அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டாலும் அங்கிருந்து அதட்டல் வரும்.

ஆரம்பத்திலேயே ஒரு தப்பு நடந்தது. பிசியோ பெண் சொன்னது கொஞ்ச நேரம்தான். அதற்கு மேல் செய்தால் மூளை களைத்துவிடும், பலன் இருக்காது. மேஸ்திரி நிறுத்தவில்லை. மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது டீ ஆடை கட்டியிருந்தது, மேஸ்திரி முகம் வேர்த்திருந்தது.

"போதும், எழுந்திரிங்க."

"இரு."

"சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு."

"எப்படிடி விடுறது? கலவை போட்டாச்சு. பாதியில விட்டா இறுகிடும்."

"எந்தக் கலவை?"

"சிமெண்டுக் கலவைதான், வேற எந்தக் கலவை? மூட்டைய உடைச்சு மொத்தமாக் கலந்துட்டேன். எல்லாம் சுவத்துல ஏறாம எழுந்திரிக்க முடியாது."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வாழ்நாளெல்லாம் இதே பதிலைக் கேட்டவள். தட்டைப் போட்டுக் கூப்பிட்டால் கலவை இறுகிவிடும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் அனுப்பினால் கலவை இறுகிவிடும். அன்று மேஸ்திரி மொத்தக் கலவையையும் முடித்துவிட்டுப் படுத்தவர், மறுநாள் பகல் வரை தலை தூக்கவில்லை. கை இன்னும் பாரமாகிவிட்டது போலிருந்தது.

பிசியோ பெண் விஷயத்தைக் கேட்டாள். மனைவி எதிர்பார்த்தது போலச் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"கம்மியாக் கலந்துக்கோங்க ஐயா. ஒரு சட்டி. அது தீர்ந்ததும் கை கழுவிடுங்க."

மேஸ்திரி அவளை உற்றுப் பார்த்தார். "இது எனக்குத் தோணலையே" என்றார்.

ஒரு சட்டிக் கணக்கில் வேலை ஓடியது. ஒவ்வொரு சட்டி முடிந்ததும் கண்ணைத் திறந்து, நிஜக் கையைத் துணிமேல் நகர்த்தப் பார்ப்பார். மேஜையில் ஒரு துணியை விரித்து, அதன்மேல் கையை வைத்து, பூச்சைச் சமன்படுத்தும் மணியாசுக் கட்டையால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பது போல ஒரு வட்டம். வட்டம் முதலில் வரவில்லை. துணி சுருண்டது, அவ்வளவுதான். பிறகு தோளிலிருந்து ஒரு இழுப்பு வந்தது. பிறகு அந்த இழுப்புக்கு ஒரு வளைவு வந்தது. கட்டைவிரலும் அடுத்த விரலும் தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தைகள் மாதிரி, கூப்பிட்டால் பல தடவைக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தன.

மனைவிக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. விளக்குமாற்றோடு போகிறபோது நின்று கேட்பாள்.

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

"ஜன்னல் கீழ்மட்டம்."

"இன்னும் ஜன்னலே தாண்டலையா? கூலிக்கு வந்த ஆளா இருந்தா நிறுத்தியிருப்பேன்."

"சித்தாள் சரியில்ல. கலவை கொண்டாரச் சொன்னா வாயப் பாத்துக்கிட்டு நிக்குறா."

"யாரு சித்தாளு?"

"நீதான்."

"என்னைக் கேக்காம என்னை வேலைக்குச் சேத்துட்டீங்களா?" என்று அவள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, இல்லாத சட்டியைத் தலையிலிருந்து இறக்கி அவர் காலடியில் வைப்பாள். "இந்தாங்க."

அவர் எட்டிப் பார்ப்பார். "தண்ணி ஜாஸ்தி."

"ஆமா, மண்ணாங்கட்டி!"

இதையெல்லாம் மகனிடம் சொல்லக் கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பயிற்சி செய்கிறார் என்பது மட்டும் மகனுக்குத் தெரியும். அவன் விடிகாலையில் போனால் இருட்டித்தான் வருவான்.

"ஆளுங்க காதுக்குப் போனா சிரிப்பாங்கடி. மேஸ்திரி காத்துல சுவரு பூசுறாருன்னு ரேடியோ நாடெல்லாம் ஒலிபரப்பிடுவா. கை வரட்டும். நெசமாவே கரண்டியப் புடிச்சு இந்தச் சுவத்துல முதல் கலவைய அடிக்கிறப்ப அவன் பாக்கட்டும்."

"நான் கேட்ட சுவரு. நான்தான் முதல்ல பாப்பேன்."

"சரி, நீயும் பாரு."

மகனுக்குத் தெரிந்தது வேறு. விடிகாலையில் கிளம்பும்போது எட்டிப் பார்த்தால் அப்பா அந்தச் செங்கல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போதும் அதையே. வீட்டில் பாக்கி நின்ற ஒரு வேலையை நினைத்து மனிதர் உள்ளுக்குள் உருகுகிறார் என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். அதை ரேடியோவிடமும் சொன்னான். அவள் மூக்கைச் சிந்தினாள்.

ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன நாள் வந்தது. போனால் வர மாலையாகிவிடும். அப்பாவையும் அம்மாவையும் வண்டி வைத்து அனுப்பிவிட்டு, மகன் தன் ஆட்களை வீட்டுக்குள் இறக்கினான்.

மாலையில் மேஸ்திரி கோலை ஊன்றி வாசல் ஏறும்போதே நின்றார். மூக்கு விரிந்தது. ஈரச் சிமெண்ட் வாசனை. கூடத்தில் ஆட்கள் காலைக் கழுவிக்கொண்டு, புது வேட்டி கட்டினவர்கள் மாதிரி வரிசையாக நின்றிருந்தார்கள். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"உள்ள வந்து பாருங்கப்பா" என்றான் மகன்.

சுவர் முடிந்திருந்தது. தரையிலிருந்து கூரை வரை ஒரே சாம்பல் நிறம், ஈரத்தில் மின்னியது. மூலை கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. ஜன்னலைச் சுற்றிய விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. மேஸ்திரி கிட்டப் போய் ஒரு கண்ணை மூடி, சுவரோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குற்றத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"நல்லாருக்கு" என்றார்.

கட்டிலில் படுத்து, மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

மகன் அம்மாவைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, நல்லாருக்குன்னு சொல்லிட்டாரே? ஒரு குத்தம்கூடச் சொல்லலையே? ஆஸ்பத்திரியில ஏதாவது சொன்னாங்களா?"

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சட்டிக் கலவை, ஜன்னல் கீழ்மட்டம், சித்தாள் வேலை, எல்லாம்.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போகுமுன் கட்டிலண்டை வந்து நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். வாயில் வந்தது வேறு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லப்பா? எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? ஊர் வேலைய நிறுத்திட்டு, ஆளுங்க கூலி வேணாம்னு சொல்லிட்டுச் செஞ்சாங்க. நீங்க பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக்கிட்டா?"

"நான்தான் நல்லாருக்குன்னு சொன்னேனேடா."

"அதத்தான்பா தாங்க முடியல!"

"நான் பூசிக்கிட்டிருந்த சுவருடா அது."

"எங்கப்பா பூசுனீங்க? மனசுலதானே?"

"என் கை இப்ப வேற எங்கடா இருக்கு?" என்றார் மேஸ்திரி.

மகன் போவதற்கு முன் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து, மக்கால் மொண்டு சுவர் முழுக்க அடித்தான். புதுப்பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். காயவிட்டால் பூச்சு வெடித்து, தட்டினால் தகரம் மாதிரி சத்தம் போடும். காலையும் மாலையும் அவன் வந்து தண்ணீர் அடித்தான். அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. சுவரிலிருந்து தண்ணீர் ஒழுகி வாசல் வரை ஓடியது. அம்மா துடைத்தாள்.

மேஸ்திரி கண்ணை மூடி உட்காருவதை நிறுத்திவிட்டார். மேஜைமேல் துணி மடித்தபடி கிடந்தது. பிசியோ பெண் வந்து பார்த்தாள்.

"வேற சுவரு எதையாவது நினைச்சுக்கோங்களேன் ஐயா. நீங்க பூசாத சுவரா?"

"அதெல்லாம் முடிஞ்ச வேலைம்மா. யாரும் எங்கிட்ட அடுத்த சுவரு கேக்கலையே."

"நான் கேக்குறேன்."

"உங்க வீட்டுல பூசாத சுவரு இருக்கா?"

"இல்லதான்" என்றாள் அவள். பொய் சொல்ல அவளுக்கும் வரவில்லை. விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்த இரண்டு விரல்களும் மறுபடி தூங்கப் போய்க்கொண்டிருந்தன. வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே மனைவியிடம், "விட்டா போயிடும்மா. அவர எதையாவது செய்ய வைங்க" என்றாள்.

மனைவிக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. பகலில் அவர் கண் அயர்ந்த நேரம் பார்த்து, சுவரைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று குளிர்ந்திருந்தது. விரிப்பை உதறாத காலை எப்படி இருக்கும் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. திரும்பினால் அவர் விழித்திருந்தார்.

"புடிச்சிருக்கா?"

"ம்."

"எனக்கும் புடிச்சிருக்கு. நம்ம பையன் கைதான்."

"நான் சுவரு கேட்டது மெய்தான்" என்றாள் அவள். "ஆனா சுவர மட்டுமா கேட்டேன்? நீங்க ஒரு நாள் வெளிவேலைக்குப் போகாம, இந்த வீட்டுல நின்னு, எனக்காக ஒரு வேலை செய்வீங்களான்னு கேட்டேன். அத நீங்க இந்த ரெண்டு மூணு மாசமா செஞ்சுக்கிட்டிருந்தீங்க. நான் சட்டி தூக்குனேன். எனக்கு அது போதும்போல இருந்துச்சு."

மேஸ்திரி இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் வெயில் ஒரு மாதிரியாக அடித்தது. பகலில் சூடான காற்று ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மகனுக்கு அன்று மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். ஆரம்பித்தால் முடிக்காமல் யாரும் நகர முடியாது. காலையில் சுவருக்குத் தண்ணீர் அடித்து, பக்கெட்டை நிரப்பிச் சுவரோரம் வைத்துவிட்டு ஓடினான். மனைவி மருந்து வாங்கப் போனவள், கடையில் கூட்டம் என்று மாட்டிக்கொண்டாள்.

மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்தபடி சுவரைப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே சூடான காற்று படும் இடத்தில் பூச்சு வெளுக்கத் தொடங்கியிருந்தது. கருஞ்சாம்பல் போய், வெள்ளைச் சாம்பல் தேமல் மாதிரி பரவியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் மயிரிழையாக ஒரு கோடு தெரிந்தது.

"ஏய், யாருங்க வெளியில?" என்று குரல் கொடுத்தார். தெருவில் யாரும் இல்லை.

கோலை ஊன்றி எழுந்து, சுவரோரம் கிடந்த முக்காலியில் போய் உட்கார்ந்தார். கோலைக் கீழே போட்டுவிட்டு இடது கையால் மக்கை எடுத்துத் தண்ணீரை வீசினார். பழகாத கை. தண்ணீர் கட்டில்மேல் விழுந்தது. வீசிய வேகத்தில் உடம்பும் கூடவே சாய்ந்து, விழப் போனவர், மக்கை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மக் உருண்டு கட்டிலடிக்குப் போய்விட்டது. கம்பியை விட்டால் விழுவார். இடது கை இனிக் கம்பிக்குத்தான். மிச்சமிருந்தது மற்றது.

வலது கை முக்காலியோரம் தொங்கிக்கொண்டிருந்தது. தோளைத் தாழ்த்தினார். விரல்கள் பக்கெட்டுக்குள் போயின. தண்ணீரின் குளிர்ச்சி எங்கோ தூரத்தில் தெரிந்தது.

கண்ணை மூடினார். தண்ணீர் விடும் வேலையை அவர் வாழ்நாளில் யோசித்ததே இல்லை. அது சித்தாள் வேலை. சாரத்தின்மேல் நின்றுகொண்டு, 'அங்க விடு, இங்க விடு' என்று கத்துவதுதான் அவர் பழக்கம். எப்படி விடுவார்கள்? ரேடியோ எப்படி விடுவாள்? கையைக் குழித்து, மொண்டு, முழங்கையை மடக்கி, மணிக்கட்டைச் சட்டென்று விடுவாள். அவளுக்குள் போய் உட்கார்ந்தார். மொண்டார். வீசினார். மறுபடி மொண்டார். மகன் பூசிய சுவர் ஜில்லென்று குடித்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு கண்ணைத் திறந்து, அதே மாதிரி செய் என்று கைக்குச் சொன்னார்.

மனைவி திரும்பி வந்தபோது கட்டில் நனைந்திருந்தது, மேஸ்திரி முக்காலியில் கம்பியைப் பிடித்தபடி வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, என்னங்க இது? விழுந்தீங்களா?"

"கட்டில் மேல தண்ணி கொட்டுனது இடது கை. அத விடு. இங்க பாரு."

முட்டி உயரத்தில், வெளுத்த இடத்தின் ஓரத்தில், ஒரு ஈரத்திட்டு. ஒரு தட்டளவு இருக்கும். அதைச் சுற்றித் தெறித்த புள்ளிகள்.

"இது யாரு?"

"வலது."

அவள் மருந்துப் பையை அப்படியே தரையில் வைத்தாள். குனிந்து அந்தத் திட்டைத் தொடப் போனாள். தொட்டால் அழிந்துவிடும் என்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மக்கைத் தேடி எடுத்து, வெளுத்த இடத்துக்கெல்லாம் படபடவென்று தண்ணீர் அடித்தாள். அந்தத் திட்டின்மேல் மட்டும் அடிக்கவில்லை. வாசலுக்கு ஓடி, அந்தப் பக்கமாகப் போன ஒரு சைக்கிள்காரரை நிறுத்தி, மகன் வேலை செய்யும் இடத்தைச் சொல்லி, உடனே வரச் சொன்னதாகச் சொல்லச் சொன்னாள். என்ன விஷயம் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல மறந்துவிட்டாள்.

அதனால் மகன் பயந்துபோய் ஓடிவந்தான். முழங்கால் வரை கான்கிரீட் பால், தலையில் கட்டிய துண்டு தோளில் தொங்கியது. பின்னாலேயே ரேடியோ, "மேஸ்திரிக்கு என்ன, மேஸ்திரிக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்பாவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லடா, இங்க வா, சுவத்தப் பாரு" என்று அம்மா அவனை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

ஈரத்திட்டு இல்லை. வெயில் அதைக் குடித்துவிட்டிருந்தது. சுற்றிலும் அவள் அடித்த ஈரத்துக்கு நடுவில் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"இங்கதான்டா இருந்துச்சு" என்றாள் அவள். அழுகை வந்துவிட்டது. "வலது கையால தண்ணி விட்டாருடா. தட்டளவு இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"விட்டிருப்பாரும்மா" என்றான் மகன். அவன் குரலைக் கேட்டால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"ஏண்டி அழுவுற? வெயில் அடிக்குது, காயாம என்ன செய்யும்?" என்றார் மேஸ்திரி. பிறகு மகனைப் பார்த்தார். பேசி நாளாகியிருந்தது. "ஜன்னலுக்குக் கீழ மயிரிழை விட்டிருக்கு, பாத்தியா? பூச்சுல குத்தம் இல்ல. தண்ணி பத்தல. வெயில் காலத்துல ரெண்டு வேளை போதும்னு உனக்கு யாருடா சொன்னது?"

மகனின் முகம் மலர்ந்துவிட்டது. "தப்புதாம்பா" என்றான்.

"பூசறது உன் வேலை. பூசிட்ட. பகல்ல தண்ணி விடுறதுக்கு நான் இருக்கேன். அந்தப் பக்கெட்டக் கிட்ட நகத்து."

மகன் பக்கெட்டை நகர்த்தி, அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மேஸ்திரி கையை உள்ளே இறக்கினார். கண்ணை மூடினார். ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மனைவி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். வெகுநேரம் ஆனது போலிருந்தது. தெருவில் ஒரு லாரி போய் ஓய்ந்தது. மேஸ்திரியின் தாடை இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது, தோள் ஏறியது. முழங்கை மடங்கி, கை தண்ணீரிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்து ஒரு நொடி நின்றது. சுவருக்கு என்று விட்டதுதான். மணிக்கட்டு திரும்பிக்கொண்டது. நாலைந்து சொட்டுகள் பறந்து மகன் முகத்தில் விழுந்தன.

"குறி தப்பிடுச்சு" என்றார் மேஸ்திரி, மூச்சு வாங்கியபடி. "துடைச்சுக்கடா."

மகன் துடைத்துக்கொள்ளவில்லை.